பறிக்கிற கூலியை யார் கொடுப்பது? திருகோணமலையில் மிஞ்சிய மரக்கறியைச் சமையலறைக்குச் சேர்த்த ஒரு முயற்சி

ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகம் முடிகிற காலத்தில், மூதூரை அடுத்த சேனையூர், கட்டைபறிச்சான் பக்கத்து மேட்டுநிலத் தோட்டங்களில் விளைந்த பூசணிக்காய் எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. அதில் ஒரு பகுதியைத் திருகோணமலை நகரத்திலும் அதற்கு வடக்கே உள்ள கரையோரத்திலும் இருக்கிற சில சமையலறைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பிறகு கத்தரி, வெண்டி, பயற்றை என்று வேலை நீண்டது. என்ன நடந்தது, எது ஓடியது, எது ஓடவில்லை, காசு எதற்குப் போனது என்று இங்கே எழுதுகிறேன். வேறு ஊரில் இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு விவரம்தான் தேவைப்படும் என்பதால் கணக்குவழக்கைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆட்களின் பெயரையும் நிலையங்களின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

நாங்கள் பெரிய அமைப்பு இல்லை. ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர், கிண்ணியாவில் பட்டா என்கிற சின்ன லொறி ஓட்டுகிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்), கரையோரக் குடியிருப்பு ஒன்றின் மாதர் சங்கத்து அக்காமார், நகரத்தில் வேலை பார்க்கிற நாங்கள் சிலர். அவ்வளவுதான்.

காய் ஏன் தோட்டத்தில் கிடக்கிறது

விளைந்த பூசணியை விற்காமல் விடுகிற விவசாயியைப் பார்த்து நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "சும்மா கிடந்து அழுகுவதை யாருக்காவது கொடுக்கலாமே?" என்பதுதான். நல்ல மனதோடு கேட்கிற கேள்வி. ஆனால் அந்த விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வரும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு தொன் காய். தோட்டத்தில் வெட்டி, தூக்கி, வீதி வரைக்கும் கொண்டுவர இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. நாள் கூலி 3000 ரூபா என்றால் 6000 ரூபா. தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறி வாடகை 18,000 ரூபா. அங்கே கிலோ 30 ரூபாவுக்குப் போனால் மொத்தம் 30,000 ரூபா. கமிசன் நூற்றுக்குப் பத்து என்றால் 3000 ரூபா கழியும். மிச்சம் 3000 ரூபா. இதில் இறக்குகூலி, அடிபட்ட காய் என்று கழிக்கிற கிலோ, வழியில் சாப்பாடு எல்லாம் இன்னும் சேரவில்லை. விதைக்கும் உரத்துக்கும் கிணற்று மோட்டருக்கும் செலவழித்த காசு இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. விலை கிலோ 25 ரூபாவுக்கு இறங்கினால், வெட்டி ஏற்றுகிறவன் தன் கைக்காசைப் போட்டுத்தான் காயைத் தம்புள்ளைக்கு அனுப்ப வேண்டும். அதனால் விட்டுவிடுகிறான். அது சரியான முடிவு.

இந்தக் கணக்கில் கூலியும் லொறியும் காயின் விலையைப் பார்த்து மாறுவதில்லை. விலை ஏறினாலும் இறங்கினாலும் வெட்டுகிற கை அதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, "இலவசமாகத் தாருங்கள்" என்று விவசாயியிடம் கேட்கும்போது, காயோடு சேர்த்துக் கூலியையும் தரச் சொல்கிறோம். ஏற்கெனவே நட்டப்பட்டவனிடம் இன்னொரு முறை கேட்கிறோம். எங்கள் முயற்சி முழுக்க இந்த இடத்தைச் சுற்றித்தான் நின்றது.

இலங்கையில் மரக்கறியிலும் பழத்திலும் அறுவடைக்குப் பிறகு 30 முதல் 40 சதவீதம் வரை வீணாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் மதிப்பீடு. லொறியில் நசுங்கியது, சந்தையில் வாடியது, கடையில் அழுகியது எல்லாம் அதற்குள் வரும். பறிக்காமலே விட்டது வராது. அறுவடை என்று ஒன்று நடந்தால்தானே அதற்குப் பிறகு என்று ஒன்று இருக்கும். சேனையூர்ப் பக்கம் நாங்கள் பார்த்த காய் எந்தக் கணக்கிலும் ஏறாத காய்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பயிரைப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. போன முறை பூசணிக்கு நல்ல விலை வந்தால் இந்த முறை எல்லோரும் பூசணி. மழையும் குளத்து நீரும் ஊருக்கெல்லாம் ஒரே நேரத்தில்தான் வருகின்றன, காயும் ஒரே வாரத்தில்தான் முற்றுகிறது. திருகோணமலையில் காய் முற்றும்போது அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் முற்றுகிறது. எல்லா லொறியும் 1999 இல் திறந்த அதே தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை நோக்கித்தான் ஓடுகிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குச் சரியானதைச் செய்கிறார்கள், சேர்த்துப் பார்த்தால் காய் குவிந்துவிடுகிறது.

விற்காத காயைத் தோட்டத்தில் விட்டாலும் தொல்லைதான். மூதூர், சேருவில, கந்தளாய், மொறவெவ பக்கமெல்லாம் யானை வருகிற இடம். பழுத்த பூசணியின் வாசம் யானைக்கு அழைப்பு. காயைத் தின்ன வந்தது வேலியையும் பக்கத்துத் தென்னங்கன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். எங்களை முதலில் அழைத்த விவசாயி இதைத்தான் சொன்னார்: "காசு வேண்டாம் தம்பி. ஆனை வாறதுக்கு முதல் காணியை வெறுசாக்கித் தந்தால் போதும்."

இந்தப் பக்கம் பசி

2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். முந்தின வருடம் இரசாயன உரத்துக்குப் போட்ட தடையில் விளைச்சல் அடிபட்டது. பிறகு டொலர் இல்லை, டீசல் இல்லை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்துக்குப் போனது. உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவு உறுதியில்லாமல் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு விலை ஏறுகிற வேகம் குறைந்தது. ஏறிய விலை இறங்கவில்லை. கூலி வேலை செய்கிற வீடுகளில் அப்போது தட்டிலிருந்து போன மரக்கறி பல இடங்களில் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சோறு இருக்கும், ஒரு பருப்பு இருக்கும், சம்பல் இருக்கும். மூன்றாவது கறி இருக்காது.

திருகோணமலைக்கென்று இன்னொரு நிலைமை உண்டு. கிழக்குக் கரையில் கடல் நவம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை குழம்பும். வடகீழ்ப் பருவக்காற்றில் சின்ன வள்ளக்காரர்கள் பல நாள் இறங்க முடியாது. மீன் இல்லையென்றால் கரையோர வீட்டில் காசும் இல்லை. மழை கொட்டுவதால் தோட்டத்து மரக்கறி குறைந்து விலை ஏறுவதும் அதே மாதங்களில்தான். மிஞ்சுகிற காலமோ ஓகஸ்ட், செப்டெம்பர், அப்புறம் பெரும்போகம் முடிகிற பெப்ரவரி, மார்ச். மிஞ்சுகிற மாதமும் பசிக்கிற மாதமும் ஒன்றாக வருவதில்லை. வெண்டிக்காயை நவம்பர் வரை வைத்திருக்க முடியாது, பூசணியை முடியும். நாங்கள் பூசணியில் தொடங்கியது தற்செயலாகத்தான். ஆனால் அதையே பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

முதல் சுமை

போதனாசிரியர் ஐயா தோட்டத்துக்கு வந்ததும் செய்த முதல் வேலை, வெட்ட நின்றவர்களிடமிருந்து கத்தியை வாங்கி ஒரு காயை வெட்டிக் காட்டியது. காம்பை ஒட்ட வெட்டக்கூடாது, இரண்டு விரற்கடை நீளமாவது விட வேண்டும். காம்பு ஒடிந்த இடத்தால்தான் அழுகல் உள்ளே போகும். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். நகத்தால் தோலை அழுத்திப் பார்த்தார். நகம் இறங்கினால் காய் முற்றவில்லை, அது வைத்திருக்கிற காய் அல்ல, அந்த வாரமே சமைக்க வேண்டிய காய். வேப்ப மரத்தடியில் மூன்று குவியல் போட்டார்கள். முற்றியதும் காம்போடு இருந்ததும் ஒரு பக்கம், இளசும் கீறல் பட்டதும் ஒரு பக்கம், புழு விழுந்ததும் நிலத்தில் பட்ட பக்கம் மெத்தென்று இருந்ததும் மாட்டுக்கு. சந்தை வியாபாரி கழித்த காய் நிறைய முதல் குவியலுக்குள் வந்தது. அவர் கழித்தது வடிவு கோணல் என்றோ, ஒரு காய் எட்டுக் கிலோ வந்து சில்லறைக் கடைக்குப் பெரிதாகிவிட்டது என்றோதான். சமையலறைக்கு எட்டுக் கிலோக் காய்தான் வசதி.

வெட்டியவர்களுக்கு ஊர்க் கூலியை அப்படியே கொடுத்தோம். அதே ஊர்ப் பெண்களும் இளந்தாரிகளும்தான். ஒரு சதமும் குறைக்கவில்லை. அன்றைக்கு அந்த ஊரில் வேறு வேலை இருக்கவில்லை. விலை விழுந்தால் தோட்டக்காரனுக்கு அடுத்தபடியாக அடிபடுவது அவனிடம் கூலிக்குப் போகிறவர்கள்தான் என்பதை இந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

லொறி மூதூர் வழியாகக் கிண்ணியாவுக்கு வந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதற்குப் பிறகு மற்றப் பாலங்களும் திறக்கும் வரைக்கும் இந்த வழியில் ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு, அதாவது வாகனம் ஏற்றுகிற மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். அந்த நாளில் இந்த வேலையை நினைத்தே பார்த்திருக்க முடியாது என்று காக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இன்றைக்குக் காலையில் வெட்டிய காய் மத்தியானத்துக்கு முன் நகரத்துக்குள் வந்துவிடும்.

முதியோர் இல்லம் ஒன்று, பிள்ளைகள் இல்லம் ஒன்று, கரையோர மாதர் சங்கம் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற சமையலறை. மூன்று இடத்திலும் இறக்கினோம். மூன்று இடத்திலும் சந்தோசமாகத்தான் வாங்கினார்கள். ஆனால் முதியோர் இல்லத்தில் சமையலுக்குப் பொறுப்பான அம்மா கொஞ்சத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்.

"கோபிக்காதீங்க தம்பி. கிழமைக்கு இரண்டு நாள் பூசணி வைக்கலாம். மூன்றாம் நாள் வைத்தால் ஐயாமார் தட்டைத் தள்ளிவிடுவினம். இவ்வளவையும் வெட்ட எனக்கு ஆளும் இல்லை, வைக்க இடமும் இல்லை."

அவர் சொன்னது இந்த வேலையையே மாற்றியது. இல்லாதவன் எதைக் கொடுத்தாலும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது. முதியோர் இல்லத்து ஐயாவுக்கும் நாக்கு இருக்கிறது, பிடித்தது பிடிக்காதது இருக்கிறது. தோட்டத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து லொறியை நிரப்பினால், குப்பை தோட்டத்திலிருந்து சமையலறைக்கு இடம் மாறும், அவ்வளவே. அதற்குப் பிறகு எங்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டோம். சமையலறை இந்தக் கிழமை எவ்வளவு எடுக்கும், எந்த நாளில் எடுக்கும் என்று முதலில் கேட்பது. அதைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் தோட்டத்துக்குச் சொல்வது. இல்லங்களில் யாராவது பிறந்தநாளுக்கோ திவசத்துக்கோ சாப்பாடு கொடுக்கிற நாள் இருக்கும், அந்த நாளில் எங்கள் மரக்கறி போய் நின்றால் தொந்தரவு. அந்த நாட்காட்டியை வாங்கி வைத்துக்கொண்டது எல்லாவற்றையும்விடப் பிரயோசனமாக இருந்தது.

வைத்திருப்பது

மிச்சத்தை என்ன செய்வது? கிண்ணியாவில் ஒரு அரிசி ஆலைக்காரர் வெறுமையாகக் கிடந்த தன் கொட்டிலைத் தந்தார். வாடகை வேண்டாம், மின்சாரம் பாவித்தால் மட்டும் கட்டுங்கள் என்றார். பாவிக்கவே இல்லை, காற்று மட்டும் போதுமாக இருந்தது. பூசணியை வெறும் சீமெந்து நிலத்தில் வைத்தால் அடியில் ஈரம் பிடிக்கும். தென்னஞ்சலாகை அடித்துத் தட்டுப் போட்டு, காய்க்குக் காய் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் அடுக்கினோம். அதற்கு முதல் பத்து நாள் அளவில் காய்ந்த, சூடான காற்றோட்டத்தில் வைத்துத் தோலை இறுக விட வேண்டும். செப்டெம்பர் வெயில் அதற்குத் தோதானது. கிழமைக்கு ஒரு முறை எல்லாக் காயையும் புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை உடனே எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். இந்தப் புரட்டல் வேலையை ஆலையில் வேலை செய்த தம்பி ஒருவர் கூலிக்குச் செய்தார்.

நல்ல காய் நவம்பர் நடுப்பகுதி தாண்டியும் நின்றது. மழை தொடங்கியதும் கொட்டிலுக்குள் ஈரம் ஏறி, அழுகல் சட்டென்று கூடியது. அதனால் மழைக்கு முதல் கிழமையே மிச்சத்தில் பெரும்பகுதியைக் கரையோரத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று இப்போது தெரியும். ஆனால் கடல் இறங்க முடியாத முதல் கிழமைகளில் மாதர் சங்கச் சமையலறைக்குள் பூசணி இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட பூசணிக் கறியும் பருப்பும் சோறும். அக்காமார் பூசணியை அவித்து மாவோடு பிசைந்து ரொட்டி போட்டதை முன்பள்ளிப் பிள்ளைகள் கறியைவிட விரும்பிச் சாப்பிட்டார்கள். மஞ்சள் நிறப் பூசணியில் உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிற கரட்டீன் நன்றாக உண்டு. மீன் கிடைக்காத மாதத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரிய விடயம்.

கத்தரியும் மருந்தும்

பூசணியில் பழகிய கை பெப்ரவரியில் கத்தரிக்குப் போனது. இது வேறு உலகம். பூசணிக்காரன் விலை விழுந்தால் தோட்டத்தை விட்டுவிடலாம். கத்தரி, வெண்டி, பயற்றைக்காரன் விடமுடியாது. வெண்டியை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் நார் ஏறிவிடும், முற்றிய காய் செடியில் நின்றால் செடி அடுத்த பூ வைப்பதைக் குறைத்துவிடும். விலை திரும்பும் என்ற நம்பிக்கை இருக்கிறவன் நட்டத்திலும் பறித்துத்தான் ஆக வேண்டும். பறித்ததை வேலியோரம் கொட்டுகிறான். ஆக இங்கே பறிக்கிற கூலியை அவனே கொடுக்கிறான், நாங்கள் ஏற்றுகூலியும் வண்டியும் பார்த்தால் போதும். கொட்டுகிற நாள் எது என்று முந்தின இரவே தெரிந்தால் காலையில் லொறி நிற்கும். இதற்காக ஒரு வட்ஸ்அப் குழு போட்டோம். குரல் பதிவில் "நாளைக்குக் கத்தரி இரண்டு உரப்பை" என்று சொன்னால் சரி. எழுதச் சொன்னபோது யாரும் எழுதவில்லை, பேசச் சொன்னபோது எல்லோரும் பேசினார்கள்.

ஆனால் கத்தரியில் ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தண்டு, காய்த் துளைப்பான் புழுவுக்குப் பயந்து கத்தரிக்கு அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும் அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். விலை இருக்கிற நாளிலேயே எல்லோரும் அதைப் பார்ப்பதில்லை. சும்மா கொடுக்கிற காயில் யார் பார்ப்பார்கள்? வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் முதியவர்களும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளும். அதனால் எங்கள் முதல் கேள்வி "எவ்வளவு இருக்கிறது" என்பது இல்லை. "கடைசியாக எப்போது மருந்து அடித்தீர்கள், என்ன மருந்து, போத்தலைக் காட்டுங்கள்" என்பதுதான். போதனாசிரியர் ஐயா பார்த்துச் சரி என்றால்தான் ஏற்றுவோம். நாள் போதாத காயை நன்றி சொல்லி விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஒருவர் இரண்டு பேர் மனம் கோணினார்கள். பரவாயில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கடையை மாற்றுகிற சுதந்திரம் இருக்கிறது, இல்லத்துப் பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளைக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

புழு குத்திய கத்தரியை எடுத்தோம். ஓட்டை இருக்கிற பக்கத்தை வெட்டிவிட்டால் மிச்சம் நல்ல காய்தான். அதற்கு வெட்டுகிற கை வேண்டும், மாதர் சங்கத்தில் அது இருந்தது, இல்லத்தில் இருக்கவில்லை. யாருக்கு எந்தத் தரம் போக வேண்டும் என்பது இப்படித்தான் முடிவானது.

தக்காளியை விட்டுவிட்டோம். உரப்பையில் திணித்து ஏற்றிய தக்காளி கிண்ணியா வருவதற்குள் பாதி சாறாகிவிடும். பிளாஸ்டிக் கூடை இருந்தால் வரும். 2011 இறுதியில் மரக்கறியைக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் விதி கொண்டுவந்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு வந்தது. கூடைக்கு முதல் போட வேண்டும், வெறும் கூடை திரும்பி வர இடம் பிடிக்கும், லொறியில் ஏறுகிற எடையும் குறையும். விவசாயி சொன்ன காரணங்கள் எங்கள் சின்ன வண்டிக்கும் அப்படியே பொருந்தின.

காசு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வெட்டுகூலி, ஏற்றுகூலி, லொறி டீசல், புரட்டுகிற கூலி, சலாகைத் தட்டு. மரக்கறிக்கு ஒரு சதம் கொடுக்காமலே இவ்வளவு செலவு. இதற்குக் காசு சேர்ப்பதுதான் முழு முயற்சியிலும் கடினமான வேலையாக இருந்தது. திருகோணமலையில் கொடுக்கிற மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைகளில் கோயில்களில் அன்னதானம் நடக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நெல் வெட்டியதும் உஷ்ர் என்கிற தருமப் பங்கைப் பிரித்துக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. தேவாலயங்கள் கொடுக்கின்றன. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு இல்லங்களில் சாப்பாடு கொடுக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார்கள்.

ஆனால் கொடுக்கிறவர் கொடுக்க விரும்புவது சோற்றுப் பார்சல். அது கண்ணுக்குத் தெரியும், படம் எடுக்கலாம், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். "வெட்டுகூலிக்கும் டீசலுக்கும் காசு தாருங்கள்" என்று கேட்டால் முகம் சுருங்கும். "கூலிக்காரனுக்கும் லொறிக்காரனுக்கும் கொடுக்கிறதா? அது தருமம் ஆகுமா?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். அவர் மனதாரக் கேட்டதால் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த எண்ணம்தான் தோட்டத்திலிருந்து அடுப்புக்குப் போகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விவசாயி காயைத் தருகிறார். சமைக்கிற அக்கா உழைப்பைத் தருகிறார். நடுவில் இருக்கிற இருபது முப்பது மைலுக்கு யாரும் பொறுப்பு எடுப்பதில்லை. அதற்குக் கொடுக்கிற காசு இல்லாமல் அந்தச் சோறு இல்லை.

பேசிப் பேசி ஒரு வழி வந்தது. திவசச் சாப்பாடு கொடுக்க வருகிறவரிடம் இல்லத்து நிர்வாகமே கேட்டது: அன்றைய சாப்பாட்டை வழக்கம்போலக் கொடுங்கள், அதில் கடையில் வாங்குகிற மரக்கறிக்கு வைத்திருக்கிற காசை மட்டும் இந்தக் கூலிக்குக் கொடுங்கள், அன்றைய கறி தோட்டத்திலிருந்து வரும். கணக்கைக் காட்டினோம். ஒரு நாள் மரக்கறிக்குக் கடையில் போகிற காசு, ஒரு கிழமை மரக்கறியை வெட்டிக் கொண்டுவந்து இறக்கப் போதுமாக இருந்தது. அம்மா பெயரில் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க வந்தவர், அந்தக் கிழமை முழுக்க அம்மா பெயரில் கறி இருக்கும் என்று கேட்டதும் யோசிக்கவே இல்லை. வெட்டியவர்களுக்குக் கூலி கொடுத்த கைச்சாத்துத் தாளையும் இல்லத்து ரசீதையும் சேர்த்து அனுப்புவோம். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் படம் எடுப்பதில்லை என்பதில் உறுதியாக நின்றோம். வேப்பமரத்தடிக் குவியலைப் படம் எடுத்து அனுப்பினோம், அது எல்லோருக்கும் பிடித்தது.

லொறிக்காரக் காக்கா வாடகையில் தன் கூலியை எடுக்க மறுத்தார், டீசலை மட்டும் எடுத்தார். அவருடைய மனதுக்கு நன்றி. ஆனால் அதை நம்பி ஒரு ஏற்பாட்டைக் கட்டக்கூடாது என்று நான் நினைக்கிறேன். அவருக்கும் லீசிங் கட்ட வேண்டும், ரயர் மாற்ற வேண்டும். இரண்டாம் பருவத்திலிருந்து முழு வாடகையையும் வற்புறுத்திக் கையில் கொடுத்தோம். வாங்கிய பிறகு அவர் அழைத்த உடனே வந்தார். முன்பு வேறு வாடகை கிடைத்த நாளில் வரமுடியாமல் தடுமாறியதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கொடுக்கக்கூடாத இடம்

வீடு வீடாகக் கொடுக்கலாம் என்று சிலர் கேட்டார்கள். செய்யவில்லை. கரையோரக் குடியிருப்பின் முடக்கில் ஒரு ஆச்சி சாக்கை விரித்து மரக்கறி விற்கிறார். நாங்கள் லொறி நிறையப் பூசணியை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனால், அன்றைக்கு அவருடைய பூசணி கிடந்து வாடும். ஒரு ஏழையின் தட்டை நிரப்ப இன்னொரு ஏழையின் சாக்கைக் காலியாக விடுவது நியாயமில்லை. சமைக்கிற இடத்துக்கு மட்டும் கொடுப்பது என்ற விதி அதனால் வந்தது. சமையலறையில் சாப்பிடுகிற பிள்ளையின் அம்மா இரவுக் கறிக்கு ஆச்சியிடம்தான் வாங்குகிறார். சந்தையில் மாலையில் மிஞ்சுகிறதை எடுப்பதையும் இதே காரணத்தால் கவனமாகச் செய்கிறோம்: வியாபாரிகள் மாலையில் விலையைக் குறைத்து விற்கிற நேரத்துக்காகவே காத்திருந்து வாங்குகிற வீடுகள் நகரத்தில் நிறைய. அந்த நேரத்துக்கு முன் நாங்கள் போய் அள்ளக்கூடாது.

இப்போது நிற்கிற இடம்

நிலாவெளி, கும்புறுப்பிட்டிப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை எடுக்க முயன்றோம். வெங்காயம் வைத்திருக்கக்கூடியது என்பதால் விவசாயி விலை வரும் வரைக்கும் தானே கட்டித் தூக்கி வைத்துக்கொள்கிறார். அவருக்கு எங்கள் உதவி தேவையில்லை. நல்ல விடயம்தான், விட்டுவிட்டோம். வத்தகப்பழம் (தர்பூசணி) இரண்டு மூன்று கிழமைக்குள் முடிந்துவிடும். சமையலறைக்கு அது கறியும் இல்லை. பாடசாலை இடைவேளைக்குக் கொடுக்கலாம் என்று யோசித்தோம், ஆனால் அது முற்றுகிற கிழமைகள் விடுமுறையில் விழுந்துவிடுகின்றன. கீரைக்கு ஒரு வழியும் காணவில்லை.

இனிச் செய்ய நினைப்பது போகத்துக்கு முதல் செய்ய வேண்டிய வேலை. விவசாயிகளுக்கான அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தில் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் கேட்டிருக்கிறோம். எங்கள் சமையலறைகளுக்கு எந்த மாதம் எவ்வளவு பூசணி தேவை என்ற தாளை விதைப்பதற்கு முன்பே விவசாயிகளிடம் கொடுப்பதாக எண்ணம். வாங்குவதாக வாக்குக் கொடுக்க எங்களிடம் காசு இல்லை. விலை விழுந்தால் வெட்டுகூலியும் லொறியும் எங்கள் பக்கம் என்று மட்டும் சொல்ல முடியும். ஒன்றிரண்டு பேர் முன்பின்னாக நட்டால், காய் ஒரே கிழமையில் குவியாமல் இரண்டு மூன்று முறையாக வரும், கொட்டிலில் புரட்டுகிற வேலையும் குறையும். மழைக்கு முதல் கொடுத்து முடிக்க வேண்டிய நெருக்கடியும் கொஞ்சம் தளரும். போதனாசிரியர் ஐயா நடுகை நாட்களை எழுதிக்கொண்டிருக்கிறார். திவச நாட்காட்டியில் ஓகஸ்டுக்கும் ஒக்டோபருக்கும் நடுவில் இன்னும் வெறுமையான கிழமைகள் இருக்கின்றன. கூலிக்கான காசை முன்கூட்டியே சேர்த்து வைத்தால்தான் அவற்றில் லொறி ஓடும்.